அமரலாம் என்று யாரும் சொல்லவில்லை

ஈச்சந்துறையில் மூன்று பெரிய மனிதர்களுக்கு உட்கார முடியாமல் போன வருஷத்தில்தான் கல்யாண மண்டபத்துச் சிவப்பு நாற்காலிகள் அத்தனையையும் ஏலத்தில் தள்ளிவிட்டார்கள், டீக்கடை பெஞ்சுகள் அடுப்புக்குப் போயின, பேருந்து நிறுத்தத்தில் போட்டிருந்த சிமெண்டு இருக்கையை ஆள் வைத்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், பள்ளிக்கூடத்தில் மட்டும் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொள்ளட்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தார்கள். வெளியூரில் போய் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மூட்டு மடங்குகிறவர்களுக்கு எதைக் கேட்டாலும் சிரிப்புத்தான்.

சென்னையிலிருந்து படம் எடுக்க ஆள் வந்ததில் தொடங்கியது எல்லாம். பாட்டும் சண்டையும் இருக்கிற சினிமா இல்லை. ஊர் உலகத்தில் கூட்டமாகக் கொலை செய்தவர்களைத் தேடிப்போய், செய்தவர்கள் வாயாலேயே செய்ததைச் சொல்லவைத்து எடுக்கிற ஆவணப்படம். எடுத்தவள் கார்குழலி என்ற பெண். அதிகம் பேச மாட்டாள், கேட்பாள். அவளோடு ஷௌகத் என்று ஓர் ஒலிப்பதிவுக்காரன், கீரிப்பிள்ளை மாதிரி ரோமம் வைத்த மைக்கை நீளக் கழியில் மாட்டித் தூக்கிக்கொண்டு திரிந்தான். இவர்கள் ஈச்சந்துறைக்கு வந்த காரணம், ஊரில் எல்லோரும் ‘அந்தச் சித்திரை’ என்று மட்டும் சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்கிற காரியம்.

அந்தச் சித்திரையில் நடந்தது இதுதான். நாற்பது வருஷத்துக்கு முந்திய ஈச்சந்துறை உப்பளத்தில் உப்பு வாருகிற கூலியாட்கள் முதலாளி கண்ணில் படும்போது உட்காரக் கூடாது. பொழுதுக்கும் உப்புத்தண்ணீரில் நின்று பாதம் வெடித்துப் போனவர்கள் சங்கம் வைத்தார்கள், கொடி ஏற்றினார்கள், நிழலுக்கு ஒரு கொட்டகையும் அதில் உட்கார ஒரு பலகையும் கேட்டார்கள். கேட்டது கிடைக்காதபோது லாரி போகிற பாதையில் ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்துவிட்டார்கள். அது தேர்தல் வருஷம். உட்கார்ந்தவர்களை எழுப்பாவிட்டால் ஊரே கைவிட்டுப் போய்விடும் என்று முதலாளியும் கட்சிக்காரர்களும் மேடை போட்டுப் பேசினார்கள். ஒரு மத்தியானம், உப்புப் பாறையை உடைக்கிற கடப்பாரைகளோடு இரண்டு பக்கமிருந்தும் போனார்கள். சாயங்காலம் உப்பு லாரிகள் வழக்கம்போல் புறப்பட்டன. வழக்கு நடந்தது, சாட்சி இல்லை என்று முடிந்தது. அடுத்த தேர்தலில் ஜெயித்து ஊர் வாசலில் வளைவும் கட்டினார்கள்.

ஆகவே படக்காரர்கள் வந்தபோது யாரும் ஒளியவில்லை. எதற்கு ஒளிய வேண்டும், ஜெயித்தவர்கள்தானே. அளத்து முதலாளி வைரவநாதன் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அப்போது கட்சியின் நகரச் செயலாளராக இருந்த அருமைராசன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாட்டின் நன்மை கருதி அது எப்படி அவசியமாயிற்று என்று மூச்சு விடாமல் பேசினார். லாரி ஓட்டிய எசக்கியப்பன், மேலே எவ்வளவு உப்புப் போட்டால் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதைக் கையாலேயே அளந்து காட்டினார். வைரவநாதன் அவர்களை அளத்துக்கே கூட்டிப்போய், பாதையில் கால் அகட்டி நின்று, “இங்கனதான் உட்கார்ந்திருந்தானுவ. எந்திரிங்கலேன்னு மரியாதையாச் சொல்லிப் பாத்தேன். எந்திரிக்கல. அப்புறம் யாருமே எந்திரிக்கல” என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார். பிறகு, வெயில் மூஞ்சியில் அடிக்கிறதா, இன்னொரு தடவை நடந்து வரட்டுமா என்று கேட்டார்.

அவர் மனைவி செண்பகவடிவு இதையெல்லாம் வீட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டாள், இலை எடுத்தாள், மோர் கரைத்தாள். மோர் டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு முன்னறைக் கதவோரம் அவள் வந்து நின்ற நேரத்தில்தான் ஷௌகத் அந்தப் பேச்சை எடுத்தான்.

அவன் கேட்டது அவன் தொழிலில் எல்லா வீட்டிலும் கேட்கிற சின்ன விஷயம். ஆள் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டாம். விசிறி, வெளியே காகம், எங்கேயோ ஓடுகிற மோட்டார், எல்லாம் சேர்ந்த சத்தம். அதைத் தனியாகப் பிடித்து வைத்துக்கொண்டால் படத்தை ஒட்டும்போது இடுக்கு தெரியாமல் பூசிக்கொள்ளலாம். ஒரு நிமிஷம் யாரும் பேசாமல் அசையாமல் இருந்தால் போதும் என்றான். வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் இருந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பார்கள். இந்த மூன்று பேரும் வயசெல்லாம் மேடையிலேயே கழித்தவர்கள். எத்தனை தலைவர்களுக்கு, எத்தனை வட்டச் செயலாளர்களுக்கு, அவர்களுடைய மாமன் மச்சான்களுக்கு எத்தனை இரங்கல் கூட்டம் பார்த்தவர்கள். ஒரு நிமிஷம் பேசாமல் இரு என்று எவன் சொன்னாலும் மனசு யோசிக்கும் முன்னால் உடம்பு எழுந்துகொள்ளும். எழுந்தார்கள். தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார்கள். கைகளை முன்னால் கோத்துத் தலையைக் குனிந்து மௌன அஞ்சலிக்கு நிற்கிற மாதிரியே நின்றார்கள். கதவோரத்தில் தட்டோடு வடிவும் அசையாமல் நின்றாள்.

கார்குழலி காமிராவை நிறுத்தவில்லை.

மௌன அஞ்சலிக்கு ஒரு முறை இருக்கிறது, சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இன்னாருக்காக நிற்கிறோம் என்று முதலில் ஒருவர் பேர் சொல்ல வேண்டும். நிமிஷம் முடிந்ததும் நன்றி, அமரலாம் என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு யாரும் பேர் சொல்லவில்லை, அமரலாம் என்றும் சொல்லவில்லை. ஷௌகத் காதில் மாட்டியதைக் கழற்றி, முடிந்தது சார் என்றதோடு சரி. மூவரும் நின்றபடியே மோரைக் குடித்தார்கள், நின்றபடியே வேனை வழியனுப்பினார்கள், அப்பாடா என்று நாற்காலிக்கு வந்தபோது முழங்கால் மடங்கவில்லை.

மடங்கவில்லை என்றால் கொஞ்சநஞ்சமாக இல்லை. இரண்டு வாலிபப் பையன்கள் வைரவநாதனின் தோளைப் பிடித்து அமுக்கினார்கள். அவர்கள் கைதான் வலித்தது. படுக்கவைக்கலாம் என்று சாய்த்தால், தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி நிமிர்ந்து வந்தார். எண்ணெய் போட்டு நீவினார்கள், பெரிய ஊர் டாக்டரிடம் நிற்கவைத்தே வேனில் ஏற்றிக் கொண்டுபோனார்கள், அவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு இருபது வயசுப் பையனுக்கு இருக்கிற மாதிரி இருக்கிறது என்று பாராட்டி அனுப்பினார். தூங்குவதற்குக் கக்கத்தில் சேலையைக் கொடுத்து உத்தரத்தில் கட்டினார்கள். மற்ற சங்கடங்களை வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள், எப்போதும்போல.

ஊர் இதற்குப் பழகிக்கொண்ட வேகம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். பெரியவர்கள் நிற்கும்போது சின்னவர்கள் எப்படி உட்காருவது? முதலில் வைரவநாதன் வீட்டுக்கு வந்தவர்கள் நின்றார்கள். பிறகு அவர் போகிற இடத்திலெல்லாம் நின்றார்கள். பிறகு, அவர் எப்போது வருவாரோ என்று எல்லா இடத்திலும் நின்றார்கள். கல்யாணப் பந்தியை மேஜை உயர்த்தி பஃபே ஆக்கினார்கள், ஈச்சந்துறையிலும் நாகரிகம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். முடிதிருத்துகிற கடையில் நிற்கவைத்து வெட்டினார்கள். ஓட்டுக் கேட்டு வந்த எம்.எல்.ஏ. நின்று பேசிவிட்டு நின்றே போனார், எம்.எல்.ஏ.வையே நிற்கவைத்த ஊர் என்று அதற்கொரு பெருமை. பேருந்து நிறுத்தத்தில் மூவரின் முகமும் போட்டு ‘நின்று காத்த நாயகர்களே’ என்று போஸ்டர் ஒட்டினார்கள். வருகிற பேருந்துகளில் ஊர் ஆட்கள் ஏறினால், காலி இருக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார்கள்.

அளத்துக்கு அந்தப் பக்கம் கூலியாட்கள் இருக்கிற கிழக்குக் குடியிருப்பில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. அவர்கள் சாயங்காலம் வேலை விட்டு வந்து வாசலில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். மண்டபத்து நாற்காலிகளை ஏலத்தில் எடுத்தது யார் என்று அப்போது யாரும் விசாரிக்கவில்லை.

இதில் நான்காவது ஆள் ஒருத்தி உண்டு என்பதை ஊர் கவனிக்கவே இல்லை. அன்றைக்கு மோர்த் தட்டோடு நின்ற வடிவுக்கும் முழங்கால் மடங்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் உட்கார்ந்து யார் பார்த்தார்கள்? மாமியார் இருந்தவரை மாமியாருக்கு முன்னால் நின்றாள், பிறகு புருஷனுக்கு முன்னால் நின்றாள், எல்லோரும் சாப்பிட்ட பிறகு அடுப்பு மேடையில் தட்டை வைத்து நின்றே சாப்பிட்டாள். அம்மி மேடைக்கும் சுவருக்கும் நடுவில் முட்டுக்கொடுத்துக்கொண்டு அவள் கண்ணயர்வதைப் பார்த்த மருமகள், அத்தை நமக்கு முன்னாலேயே எழுந்துவிடுகிறாளே என்று கூச்சப்பட்டாள். வடிவின் கால்கள் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்து போயிற்று. ஒரே ஒரு தடவை, யாரும் இல்லாதபோது, சாமான் அறையில் கிடந்த முக்காலியைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. உட்கார வேண்டும் என்று இவ்வளவு ஆசை ஒரு மனுஷிக்கு இருக்கும் என்று அவளுக்கே தெரியாது.

தனக்கு ஏன் இப்படி ஆயிற்று என்பது மட்டும் அவளுக்கு முதல் நாளே தெரியும். அந்த ஒரு நிமிஷத்தில், யாரும் கேட்காமலே, அவள் மனசுக்குள் ஒரு பேர் வந்தது. சந்தனமாரி. அளத்தில் உப்பு வாரிய பெண், வடிவுக்கு ஒத்த வயசு. கல்யாணம் முடிந்து வந்த புதிதில் வடிவுக்கு அந்த வீட்டில் பேச்சுத் துணை அவள் ஒருத்திதான். பின்வாசலுக்கு வந்து நிற்பாள், வடிவு கஞ்சி ஊற்றுவாள், அவள் நின்று குடித்துக்கொண்டே அளத்துக் கதையெல்லாம் சொல்லிச் சிரிப்பு மூட்டுவாள். அந்தச் சித்திரைக்குப் பிறகு அவளைக் காணோம். செத்தவர்கள் கணக்கிலும் அவள் வரவில்லை. எவனோடோ ஓடிவிட்டாள் என்று ஊரில் பேச்சைக் கிளப்பிவிட்டார்கள், அது அப்படியே நின்றுவிட்டது. ஓடவில்லை என்று வடிவுக்குத் தெரியும்.

மறு வருஷம் படம் வெளிவந்தது. வெளிநாட்டிலெல்லாம் போட்டார்கள், பிறகு செல்போனுக்கே வந்துவிட்டது. ஊர் முழுக்க நின்றுகொண்டு பார்த்தது. கார்குழலி அந்த ஒரு நிமிஷத்தை வெட்டாமல் அப்படியே கடைசியில் வைத்திருந்தாள். மூன்று பேர் தலை குனிந்து நிற்கிறார்கள், விசிறி சுற்றுகிறது, கதவோரத்தில் ஒரு சேலைத் தலைப்பும் மோர்த் தட்டின் ஓரமும் தெரிகிறது. பார்த்த தேசமெல்லாம் அந்த இடத்தில் கண் கலங்கியதாம். இத்தனை காலம் கழித்தாவது வருந்துகிறார்களே என்று எழுதினார்களாம். கைதட்டினார்கள் என்றதும் குளிர்ந்துபோன வைரவநாதன், எதற்குக் கைதட்டினார்கள் என்று மகன் விளக்கியபோது வீடு அதிரக் கத்தினார். வருந்தினேனா, யார் வருந்தினது, எவனுக்காக நான் வருந்தணும் என்று கத்தினார். கத்தி முடித்துவிட்டு, நின்றுகொண்டே இருந்தார்.

கூட்டம் நடத்தியே நரைத்தவர் என்பதால் அருமைராசனுக்குத்தான் முதலில் விஷயம் பிடிபட்டது. தொடங்கிய அஞ்சலியை முடிக்கவில்லை, அதுதான் கோளாறு, முறைப்படி ஒரு கூட்டம் போட்டுப் பேர் சொல்லி நின்று அமரலாம் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது என்றார். மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஊரே வந்து நின்றது. பெண்கள் பக்கத்தில் தூணோரமாக வடிவும் நின்றாள். மறைந்த தலைவர்கள் பேரையெல்லாம் சொல்லி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு அமரலாம் என்றார் அருமைராசன், முழங்கால் அசையவில்லை. வட்டம், நகரம், மாவட்டம் என்று செத்த நிர்வாகிகளைச் சொன்னார். அவரவர் தாய் தகப்பனைச் சொன்னார். வேர்த்துக் கொட்ட, கடைசியாக, இந்த மண்ணில் மறைந்த அனைவருக்கும் என்று பொதுவாகச் சொன்னார். அப்போது மூவருக்கும் முழங்கால், கட்டின கயிறு நெகிழ்ந்த மாதிரி ஒரு நொடி தளர்ந்தது. தூணோரத்தில் வடிவுக்கும் தளர்ந்தது. உடனே பழையபடி இறுகிக்கொண்டது. இன்னும் யார் பேர் பாக்கி என்று மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு கலைந்துபோனார்கள்.

எசக்கியப்பன் தாங்கவில்லை. மூவரில் அவருக்குத்தான் கையில் காசும் இல்லை, தாங்கிப் பிடிக்கிற ஆளும் இல்லை. மறுநாள் காலை அளத்து வரப்பு வழியாகக் கிழக்குக் குடியிருப்புக்குப் போய்த் தெருவின் நடுவில் நின்றார். அவருக்குப் பேர் ஒன்றுமே தெரியாது. சிவப்புச் சட்டைப் பையன், காதில் பாம்படம் போட்ட கிழவி, மணிக்கட்டில் மாமன் பேர் பச்சை குத்தியிருந்தவள் என்று தூக்கிப் போட்ட உடம்புகளைத்தான் தெரியும். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்காமலே அது யார் என்று சொன்னார்கள். அவர் அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னார். சொல்லும்போதெல்லாம் முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக மடங்கி, கடைசியில் குத்தவைக்கிற அளவுக்கு வந்து நின்றுவிட்டது. முழுசாக உட்கார முடியவில்லை. முதலாளி வீட்டுப் பின்வாசலில் கிடந்த ஒரு பெண் பாக்கி, அது யார் என்று கேட்டார். எல்லோரும் ஒரே வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களுக்கு ஊகம் இல்லாமல் இல்லை. ஆனால் சந்தனமாரியின் தாய் மூக்கம்மா இன்னும் உயிரோடு இருந்தாள். என் மகள் ஓடித்தான் போனாள், எங்கேயோ பிள்ளைகுட்டியோடு இருக்கிறாள் என்று சொல்லிச் சொல்லியே நாற்பது வருஷத்தைத் தள்ளிய கிழவி அவள். சித்திரையில் செத்தவர்களுக்கு விளக்கேற்றும்போது அந்தப் பேரைச் சொல்ல யாரையும் விட்டதில்லை. கண்ணால் பார்த்தவர்கள் வந்து சொல்லட்டும், நாங்கள் சொல்ல மாட்டோம் என்றார்கள். எசக்கியப்பன் தவளை மாதிரி குத்தவைத்தபடியே தத்தித் தத்தி ஊருக்குத் திரும்பினார். கூலிக்காரன் தெருவில் போய் மண்டி போட்டவன் என்று அவருக்கு டீ கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் நேரே வைரவநாதன் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார்.

“முதலாளியம்மா, இந்த இடத்துல கெடந்தது யாரு?”

எனக்கு என்ன தெரியும் என்றாள் வடிவு. கதவைச் சாத்தினாள். சாத்திய கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள், வேறு என்ன செய்ய முடியும், நிற்கத்தானே முடியும்.

கோடையில் அருமைராசன் செத்துப்போனார். நின்றபடியே செத்தார், செத்த பிறகும் சாயவில்லை. பாடையில் கிடத்த முடியாமல், சப்பரத்தில் சாமியைக் கட்டுகிற மாதிரி நிறுத்திக் கட்டிக் கொண்டுபோனார்கள், கிணறு மாதிரி குழி தோண்டி நட்டார்கள். செத்தும் தலைவணங்காதவர் என்று அதற்கும் போஸ்டர் அடித்தார்கள். ஆனால் மண் தள்ளும்போது, கழுத்துவரை மண் வந்து தலை மட்டும் வெளியே தெரிந்த அந்த நேரத்தில், கூடி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வடிவு, அடுத்தது அவர், அதற்கடுத்தது நான் என்று நினைத்தாள். மண்ணுக்குள்ளே போயும் உட்கார முடியாது, படுக்க முடியாது என்பதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது.

அன்றைக்கு அவள் புருஷன் முன்னால் போய் நின்று, நீங்கள் பேரைச் சொல்லிவிடுங்கள், எசக்கியப்பன் குத்தவைக்கிறானே, நீங்களும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னால் மடங்கும் என்று கெஞ்சினாள். கக்கத்தில் சேலை மாட்டித் தொங்கிக்கொண்டிருந்த வைரவநாதன் அவளைப் பார்த்துச் சிரித்தார். உட்காராதே என்று சொன்னதற்குத்தானே அத்தனையும், இப்போது அவனுகள் பேரைச் சொல்லி நான் உட்காரணுமாக்கும், நின்னே போறேன் என்றார்.

“எனக்கும் முடியலங்க” என்றாள் வடிவு. “அன்னையிலருந்து நானும் நிக்கேன்.”

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் அவள் பாதத்தைக் குனிந்து பார்த்தார். வீங்கி, தோல் வெடித்து, அளத்தில் நின்ற பாதம் மாதிரியே இருந்தது.

“நீ எதுக்கு நிக்க? நீ என்ன செஞ்ச?”

அவள் தலையைத் திருப்பிப் பின்வாசல் பக்கம் பார்த்தாள். அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். நீ கிழக்கே போனாயானால் திரும்பி இந்த வாசலை மிதிக்காதே என்றார். அவர் பயந்து அவள் பார்த்தது அப்போதுதான். பயப்படுகிற மனுஷனைப் பார்த்ததும் அவளுக்கு இரக்கம் வரவில்லை, ஒரு சோர்வுதான் வந்தது. முகத்தைக் கழுவினாள், வேறு சேலை மாற்றினாள், அவர் சொன்ன வாசலை மிதிக்காமல் பின்வாசல் வழியாகப் போனாள்.

வரப்பில் நடந்தபோது இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் காய்ந்து உப்புப் பிடித்துக்கொண்டிருந்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முதலாளியம்மா வருகிறாளே என்று, வரப்பில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் பழக்கத்தில் எழுந்தார்கள், பிறகு நினைவு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள். அந்தப் பாதையில் அவள் இதுவரை வந்ததே இல்லை. இவ்வளவு பக்கமா என்று நினைத்தாள்.

சந்தனமாரியின் தங்கை ராசகனி கிழக்குக் குடியிருப்பில் தன் வீட்டுப் பின்வாசலில்தான் இருந்தாள், மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டு. அவள் உட்கார்ந்திருந்தது சிவப்பு நாற்காலி. முதுகில் கல்யாண மண்டபத்தின் பேர் வெள்ளைப் பெயிண்டில் இருந்தது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொன்று காலியாகக் கிடந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. என்ன விஷயம் என்று கண்ணாலேயே கேட்டாள்.

“உங்க அக்கா பேரைச் சொல்ல வந்தேன்” என்றாள் வடிவு. “சந்தனமாரி.”

ராசகனியின் விரல் நின்றது.

“எங்க வீட்டுப் பின்வாசல்ல கெடந்தது அவதான். அன்னைக்கு மத்தியானம் ஓடி வந்தா. அக்கா, வெறகு அடுக்குக்குப் பின்னால ஒரு ஓரமா உட்கார்ந்துக்கிடுதேன்னா. நான், நில்லு, உள்ள கேட்டுட்டு வாரேன்னேன்.”

“யார்ட்ட கேட்டிய?”

“எங்க அத்தைட்ட.”

“அவுக என்ன சொன்னாவ?”

“ஒண்ணும் சொல்லல. உலை பொங்குது, இறக்குன்னாவ. இறக்குனேன். கஞ்சி வடிச்சேன். அப்பளம் பொரிக்கச் சொன்னாவ, பொரிச்சேன். நான் திரும்பிப் போகவே இல்ல.”

ராசகனி முறத்தை இறக்கிக் கீழே வைத்தாள். சின்னப் பிள்ளை விவரம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“எம்புட்டு நேரம் நின்னா?”

“தெரியாதும்மா.”

“ஓடியிருக்கலாம்லா. பின்னால தோப்புதான. எதுக்கு அங்கனயே நின்னா?”

“நில்லுன்னு நாந்தானே சொன்னேன்” என்றாள் வடிவு.

அதைச் சொன்னதும் அவள் முழங்கால்கள் இரண்டும் நெகிழ்ந்தன. வலி இல்லாமல், சத்தம் இல்லாமல், தண்ணீரில் நனைந்த துணி மாதிரி நெகிழ்ந்தன. அதே நேரத்தில் ஊருக்குள் தன் வீட்டு வாசலில் குத்தவைத்திருந்த எசக்கியப்பன் பொத்தென்று தரையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார் என்று பிற்பாடு பார்த்தவர்கள் சொன்னார்கள். வைரவநாதன் நின்றுகொண்டுதான் இருந்தார், அவர் தாம் சொன்ன சொல்லைக் கடைசிவரை காப்பாற்றினார். வடிவுக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பு நாற்காலி இருந்தது, இனி அவளால் உட்கார முடியும், அது மட்டும் தெரிந்தது.

ராசகனி எழுந்தாள். சேலையில் ஒட்டியிருந்த புகையிலைத் தூளைத் தட்டிவிட்டாள். வீட்டுக்குள் இருட்டில் கட்டில் கிரீச்சிடுகிற சத்தமும், யாருட்டி அது என்று நடுங்குகிற ஒரு கிழக்குரலும் கேட்டன. ராசகனி அந்தப் பக்கம் பார்த்தாள், வடிவைப் பார்த்தாள்.

“நில்லுங்க” என்றாள். “அம்மாட்ட கேட்டுட்டு வாரேன்.”

உள்ளே போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

வடிவு நாற்காலியைப் பார்க்கவில்லை. மடங்கத் துடிக்கிற முழங்கால்களைப் பல்லைக் கடித்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தி, அந்தப் பின்வாசலில் நின்றாள். வெயில் கூரையிலிருந்து சுவருக்கு இறங்கியது. உள்ளேயிருந்து இன்னும் யாரும் வரவில்லை.